தண்டலத்துச் சமுத்திரம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ராஜபாட்டையில் பூந்தமல்லியையும் செம்பரம்பாக்கத்தையும் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றால் தண்டலம் வரும். அதற்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை; அதற்கும் அப்பால் ஸ்ரீபெரும்புதூர்; அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் சமுத்திரம் இருந்தது என்று நாம் சொன்னால், நேயர்களில் சிலர் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளத்தை நினைத்துக்கொண்டு, "அதைத்தான் கண்ணாலேயே பார்த்தோமே!" என்று சொல்லக்கூடும். நாம் சொல்லவந்தது அந்தச் சமுத்திரத்தை அன்று. மழையினாலும் ஏரியின் மதகினாலும் வராத, உண்மையான உப்பு நீர்ச் சமுத்திரத்தையே சொல்கிறோம். அது வந்து போய் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கையெழுத்தின் மேல்தான் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிற்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து நிலத்தைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சிவந்த செம்பூரான்கல்லும் சரளையுந்தான். அதற்குக் கீழே, பல இடங்களில், வேறு விதமான பாறை அடுக்குகள் இருக்கின்றன. வெண்மையாகவும் சாம்பல் நிறமாகவும், சில இடங்களில் கறுப்பாகவும் இருக்கும் களிப்பாறை, அதனிடையே மணற்பாறை. இந்தக் களிப்பாறை கருங்கல்லைப் போல் உறுதியானதன்று. புஸ்தகத்தின் ஏடுகளைப் போல் மெல்லிய தகடுகளாகப் பிரியும். கத்தி முனையைச் செருகி மெதுவாகப் பிரித்தால், நல்ல அதிர்ஷ்டம் இருந்தால், ஏட்டின் நடுவே வைத்து மறந்துபோன மயிலிறகு மாதிரி ஓர் இலையின் பதிவு தெரியும். நரம்புகள்கூட அழியாமல் இருக்கும். இன்னோர் ஏட்டைப் புரட்டினால் கடல் சிப்பியின் பதிவு இருக்கும். காட்டில் உதிர்ந்த இலையும் கடலில் வாழ்ந்த சிப்பியும் ஒரே படுக்கையில் அடுத்தடுத்துக் கிடப்பதுதான் இந்தப் பாறையின் விசேஷம்.

இதை முதன்முதலாகப் படித்து உலகத்துக்குச் சொன்னவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர். 1858-ஆம் ஆண்டில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர் அவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை நிலைநாட்டியவரும் அவரேதான். அந்தப் பெருமையைப் பள்ளிக்கூடப் புஸ்தகங்கள் சொல்கின்றன. கற்கோடரியைத் தேடிய அதே கால்கள் கற்பாறையையும் தேடி அலைந்தன என்பதைச் சொல்வதில்லை. பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு ஜில்லாக்களின் பகுதிகளைச் சுற்றியளந்து அவர் எழுதிய அறிக்கை 1873-இல் வெளிவந்தது. இலையும் சிப்பியும் கொண்ட இந்த அடுக்குகளுக்கு அவர் ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே சூட்டினார். வெள்ளைக்கார நாவில் அது 'ஸ்ரீபெர்மட்டூர்' என்று திரிந்தது வேறு விஷயம். அவற்றுக்கு மேலே கிடக்கும் கூழாங்கற் பாறைக்குச் சத்தியவேட்டின் பெயரைக் கொடுத்தார். நம்முடைய ஊர்ப் பெயர்கள் இரண்டு அன்றிலிருந்து உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திர நூல்களில் இடம் பெற்றிருக்கின்றன. ஊரில் இருக்கும் நமக்குத்தான் அது தெரியாது!

அடுத்தபடியாக, இந்தப் பாறையின் வயது என்ன என்ற கேள்வி எழுந்தது. கல்கத்தாவில் அதே இலாகாவில் வேலை பார்த்த ஒட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் என்ற பொஹீமிய நாட்டு அறிஞர், சென்னைக் கரையோரத்து இலைப் பதிவுகளைப் பற்றி 1879-இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். பூக்காத செடிகளின் இலைகள் அவை. இன்று தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் சைகஸ் செடியைப் போன்ற இலைகளை உடையவை பல, 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற பெயரில் பங்களா வாசல்களில் நிற்கும் அரக்கேரியா மரத்தின் இனத்தைச் சேர்ந்தவை சில, மற்றவை பெரணிகள். இந்தச் செடிகளை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், 'நாங்கள் ஜுராஸிக் காலத்தவர்' என்று சொல்லின. சிப்பிகளும் அம்மோனைட்டுகளும், 'இல்லை. அதற்குப் பிற்பட்ட கிரிடேஷியஸ் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவர்கள்' என்றன. வழக்கு வெகு நாள் நடந்தது. ஆந்திரக் கரையில் ஒங்கோலுக்கு அருகில் இதே மாதிரியான பாறைகளில் கிடைத்த அம்மோனைட்டுகளும், 1960-களில் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறையிலேயே கண்டறியப்பட்ட நுண்ணிய கடலுயிர்களின் கூடுகளும், பின்னவர் கட்சிக்கே சாதகமாகச் சாட்சி கூறின. செடிகள் பொய் சொல்லவில்லை. பழைய காட்டு வம்சங்கள் மெதுவாக மாறுபவை; கடற் பிராணிகள் விரைவாக மாறுபவை. ஆகவே, காலக் கணக்குக்குக் கடற் பிராணிகளின் வாக்குமூலமே அதிக நம்பகமானது.

அந்த நுண்ணிய கூடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஃபொராமினிஃபெரா என்பது அவற்றின் நீளமான பெயர். ஒரே அணுவாலான உயிர்கள். பெரும்பாலானவை மணற்பொடி அளவே இருக்கும். இவற்றில் ஒரு ஜாதி, கடலடியிலுள்ள மணல் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் உடலிலிருந்து கசியும் பசையினால் ஒட்டி வைத்து, தனக்கு ஒரு வீடு கட்டிக்கொள்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பாறையில் கிடைத்தவை இந்தக் கொத்தனார் ஜாதியைச் சேர்ந்தவை. அஸ்திவாரம் போட்டுக் கூரை வேய்ந்து வாழ்ந்த முதற் குடிகள் இந்த வட்டாரத்தில் இவைதான் என்று சொன்னால் தவறில்லை.

இனி, அந்தக் காலத்துத் தண்டலத்தை நேயர்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். நெல் இல்லை, தென்னை இல்லை, மல்லிகை இல்லை. பூக்கும் செடிகள் உலகத்தில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. வங்காள விரிகுடாவும் இல்லை. இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிகாக் கண்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று பனி மூடிக் கிடக்கும் அந்தக் கண்டத்தில் அப்போது காடுகள் இருந்தன. நம் காட்டுக்கும் அதன் காட்டுக்கும் நடுவே கடல் இல்லை.

பிறகு, பாகப்பிரிவினை வந்தது. கூட்டுக் குடும்பமாக இருந்த தென் கண்டங்கள் பிரியத் தொடங்கின. பூமியின் மேலோடு இழுபட்டு விரிந்தது. விரிந்த இடத்தில் நிலம் தாழ்ந்து, நீண்ட பள்ளங்கள் உண்டாயின. பாலாற்றுப் படுகை என்று இன்று சாஸ்திரிகள் அழைக்கும் பள்ளம் அவற்றில் ஒன்று. மேற்கேயிருந்து ஆறுகள் பாறையையும் மணலையும் சேற்றையும் இலைகளையும் உருட்டிக்கொண்டுவந்து அதில் கொட்டின. மறுபுறத்திலிருந்து, புதிதாகத் திறந்த வழியே, கடல் நீர் மெல்ல மெல்ல உள்ளே நுழைந்தது. ஆழமில்லாத, கலங்கிய, சேறு நிறைந்த கடல். ஆற்றில் மிதந்து வந்த இலை அதில் அமிழ்ந்தது. அதனருகே சிப்பி செத்து விழுந்தது. இரண்டையும் அடுத்த வெள்ளத்தின் சேறு மூடிற்று. வங்காள விரிகுடா என்னும் குழந்தை பிறந்த வீட்டில் எழுதி வைத்த ஜாதகக் குறிப்பு என்று இந்தப் பாறையைச் சொல்லலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. நம் பழைய நூல்கள் பேசும் கடல்கோளுக்கும் இந்தக் கடலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கடல் வந்தபோது உலகில் மனிதன் இல்லை. மனிதன் தோன்ற இன்னும் பல கோடி ஆண்டுகள் இருந்தன. அவனுடைய மிகப் பழைய கற்கருவிகள் கிடைத்திருக்கும் அதிரம்பாக்கம் என்னும் ஊர் இதே பிரதேசத்தில், கொற்றலை ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அக்கருவிகளில் மிகப் பழையவற்றின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கருவிகள் கிடக்கும் மண்ணுக்கு அடியில் இருப்பது கிரிடேஷியஸ் காலத்துக் களிப்பாறை. அதாவது, நம் ஆதி மனிதன் நடந்து திரிந்தபோதே அந்தச் சமுத்திரம் அவனுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழங்கதையாகிவிட்டிருந்தது.

பிறந்த கடலைப் பார்த்தோம். இறந்த கடல் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்து சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை. வடக்கு நோக்கி நகர்ந்தது. அந்தப் பயணத்தின் மிக வேகமான கட்டத்தில் ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் தூரம், அது நகர்ந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வடக்கே அதற்கும் ஆசியாவுக்கும் நடுவில் டெதிஸ் என்ற சமுத்திரம் விரிந்து கிடந்தது. இந்தியா நெருங்க நெருங்க அந்தச் சமுத்திரம் சுருங்கிற்று.

அந்தச் சமுத்திரத்தின் கடைசி நாட்களை எழுதி வைத்திருக்கும் பாறை, இமாசலப் பிரதேசத்தில், சிம்லாவுக்குச் செல்லும் வழியிலுள்ள மலைகளில், சுபாதூ என்ற கன்டோன்மென்ட் ஊரின் பெயரைத் தாங்கி இருக்கிறது. இயோஸீன் யுகத்துப் பாறை அது. வயது ஐந்து கோடி ஆண்டை ஒட்டியது. அதில் சிப்பிகள் ஏராளம். நாணயக்கல் எனத் தகும் நம்முலைட்டுகளும் ஏராளம். இவையும் நாம் முன்பு சொன்ன ஒற்றை அணு உயிர்களின் கூடுகள்தாம். ஆனால் இந்த ஜாதி மணல் வீட்டில் திருப்திப்படாமல், சுண்ணாம்பினால் வட்டமாக, காசைப் போல, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவில் மாளிகை கட்டிக்கொண்டது. எகிப்து தேசத்துப் பிரமிடுகளின் கற்களிலும் இந்தக் காசுகள் நிறைந்திருக்கின்றன. ஸ்ட்ராபோ என்ற பண்டைக்காலக் கிரேக்க யாத்திரிகர் அங்கே சென்றபோது, 'பிரமிடு கட்டிய வேலையாட்கள் சாப்பிட்டு மீந்த பருப்பு கல்லாகிவிட்டது' என்று ஊரார் சொன்னார்களாம்.  நம் ஊராயிருந்தால் அது பீமன் சமைத்த பருப்பாகியிருக்கும்!

சுபாதூப் பாறையில் இன்னும் ஓர் ஆச்சரியம் கிடைத்தது. 1998-இல் சுனில் பாஜ்பாய் என்ற இந்திய ஆராய்ச்சியாளரும் ஃபிலிப் ஜிஞ்சரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும், அங்கே கிடைத்த ஒரு தாடை எலும்பை, திமிங்கில வம்சத்தின் ஆதி முன்னோர்களில் ஒன்றுடையது என்று விவரித்தார்கள். அதற்கு 'இமாலயத் திமிங்கிலம்' என்று பொருள்படும் ஹிமாலயசீட்டஸ் என்ற பெயரை இட்டார்கள். இயோஸீன் யுகம் முடிவதற்கு முன்பே அந்தக் கடல் அங்கிருந்து விடைபெற்றுக்கொண்டது. சுபாதூப் பாறைக்கு மேலே உள்ள அடுக்குகள் ஆறுகள் கொண்டுவந்த மண்ணால் ஆனவை. கடல் கிடந்த இடத்தில் மலை எழுந்தது.

டெதிஸ் சமுத்திரத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் பலர் அறிவார்கள், பெயர் தெரியாமலே. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்து பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தின் உள்ளே சக்கரமாகச் சுருண்டு தெரிகிறதே, அது அந்தச் சமுத்திரத்தில் வாழ்ந்த அம்மோனைட்டின் ஓடு. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான பிராணி அது. ஸ்ரீபெரும்புதூர்ப் பாறையிலும் அதே வம்சத்தின் சிதைந்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வடக்கே மலையில் கிடைத்த சக்கரத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் பேழையில் வைத்திருக்கிறோம். தெற்கே நம் காலடியில் கிடக்கும் அதன் உறவினரை லாரியில் அள்ளிப் பள்ளம் தூர்க்கிறோம்.

ஆக, இந்தியா என்னும் இந்தப் பெரிய கப்பலின் பயணக் குறிப்பில் இரண்டு ஏடுகள் முக்கியமானவை. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட செய்தி தண்டலத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் சுற்றிய பூமியில் எழுதப்பட்டிருக்கிறது. கரை சேர்ந்த செய்தி சுபாதூ மலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் ஏடு கிழிந்துபோனால், பயணம் எங்கிருந்து தொடங்கிற்று என்பதற்கு நம்மிடமுள்ள சாட்சியங்களில் ஒன்று போய்விடும்.

கிழியும் என்று நாம் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை மோட்டார் கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. இவற்றைச் சுற்றி எத்தனையோ சிறிய, பெரிய ஆலைகள், கிடங்குகள், குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அதற்கு முன்னால் மண்ணின் உறுதியைப் பார்க்கத் துளையிட்டு அடுக்கடுக்காக மாதிரி எடுக்கிறார்கள். ஏரிகளில் சவுடு மண் அள்ளுகிறார்கள். ஃபூட் துரை சம்மட்டியும் மாட்டு வண்டியுமாக அலைந்து, ஓடைக் கரையிலும் கிணற்று மேட்டிலும் எட்டிப் பார்த்த பாறையை, இன்று யந்திரங்கள் ஒரே பகலில் இருபது முப்பது அடி ஆழத்துக்குத் திறந்து காட்டுகின்றன. மறுநாள் கான்கிரீட்டினால் மூடிவிடுகின்றன. பார்ப்பவர் இல்லை. புஸ்தகசாலையைத் திறந்த கதவு வழியாக ஒருவரும் உள்ளே போகாமல், உடனே சுவர் வைத்துக் கட்டிவிடுவது போன்ற காரியம் இது.

இதே தமிழ்நாட்டில் வேறு இடங்களில் கல்லுக்கு மரியாதை கிடைத்திருக்கிறது. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய மரம் ஒன்று கிடக்கிறது. அதை 1940-இல் கண்டு பதிவு செய்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், நம் தமிழ்நாட்டவர், பின்னர் 1951-இல் இந்தியப் பூகர்ப்ப இலாகாவின் முதல் இந்தியத் தலைவரானவர். அந்த மரம் தேசிய ஞாபகச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. திருவக்கரையின் கல்மரங்களுக்கும் அந்தப் பாக்கியம் உண்டு. அரியலூர்ப் பிரதேசத்தில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் கிடைக்கும் கடற் பிராணிகளுக்காக வாரணவாசியில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. சிமெண்டும் கிடைக்கிறது, சிப்பியும் காப்பாற்றப்படுகிறது. அரியலூரில் நடக்கிறது ஸ்ரீபெரும்புதூரில் ஏன் நடக்கக்கூடாது?

"பழைய சிப்பி சோறு போடுமா? ஆலைதானே போடுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எத்தனையோ கிராமத்து இளைஞர்களும் பெண்களும் அந்த ஆலைகளில் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அந்த வேலை நிற்கவேண்டும் என்று நாம் கனவிலும் சொல்லமாட்டோம். ஆனால் இந்தக் களிப்பாறையை அறிவதிலும் சோறு இருக்கிறது. சோற்றுக்கு முந்திய தண்ணீரும் இருக்கிறது. களி நீரைக் குடிக்கும். திருப்பிக் கொடுக்க மனம் வராது. அதில் கிணறு வெட்டுகிறவன் கடனாளியாவான். அடுத்திருக்கும் மணற்பாறை அடுக்கு எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அறிந்து வெட்டுகிறவனுக்குத் தண்ணீர் கிடைக்க வழி உண்டு. நனைந்தால் உப்பி, உலர்ந்தால் வெடிக்கும் களியின் மேல் வீடு கட்டினவர்களுக்குச் சுவரே பாடம் சொல்லும். 12 கோடி ஆண்டுக்கு முன் ஆறு எங்கே மணலைப் போட்டது, கடல் எங்கே சேற்றைப் போட்டது என்ற பழங்கதைதான் இன்றைக்குக் கிணற்றின் கதையும் சுவரின் கதையும்.

சட்டம் வரவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. பூகர்ப்பச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கு ஒரு வரைவு மசோதாவை மத்திய சர்க்காரின் சுரங்க இலாகா 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது. ஆனால் டில்லியில் எழுதும் சட்டம் தண்டலத்துப் பள்ளத்தை எட்டிப் பார்க்காது. பார்ப்பதற்கு உள்ளூர்க் கண்கள் வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அஸ்திவாரத்துக்காகத் துளையிட்டு எடுக்கும் மண் மாதிரிகளை, கணக்குப் பார்த்து முடிந்த பின்பு எறிந்துவிடாமல், ஆழத்தைக் குறித்து ஒரு கல்லூரியின் பூகர்ப்பப் பகுதிக்கு ஆலைகள் அனுப்பலாம். பெரிய பள்ளம் தோண்டும்போது மாணவர்கள் இரண்டு நாள் வந்து பார்க்க அனுமதிக்கலாம். ஒரு தொழிற்பேட்டையின் மூலையில் ஒரே ஒரு வெட்டு முகத்தை மூடாமல், கூரை போட்டு வைத்து, 'இவ்விடம் சமுத்திரம் இருந்தது' என்று தமிழில் ஒரு பலகை நாட்டலாம். காடிக்கணக்கில் நிலம் எடுத்தவர்களுக்குக் கால் கிரவுண்டு பெரிதன்று.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அந்தப் பக்கத்தில் மனை வாங்கிக் கிணறோ கழிவுநீர்த் தொட்டியோ தோண்டும் குடும்பங்கள் இன்று அநேகம். தோண்டிப் போட்ட வெண்களியைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலையோ சிப்பியோ தென்பட்டால், அதை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, எந்த ஊர், எந்த இடம், எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். விலாசமில்லாத கடிதத்தைத் தபாற்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? இடமும் ஆழமும் தெரியாத கல்லும் அப்படியே. அழகுப் பொருளாகும், சாட்சியாகாது. பிறகு அதைப் பள்ளிக்கூட ஆசிரியரிடமோ கல்லூரியிலோ காட்டுங்கள். விலைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஃபூட் துரைக்கு இந்த மண் பிறந்த மண் அன்று. ஆனாலும் நடந்து நடந்து அதை வாசித்தார். அவர் சேகரித்த கற்கருவிகள் எழும்பூர்க் காட்சிசாலையில் இருக்கின்றன. அவருடைய அறிக்கை வெளிவந்து 150 ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே ஆலைகளும் கல்லூரிகளும் வைத்திருக்கும் நாம், அவர் விட்ட இடத்திலிருந்து மேலே படிக்க வேண்டியவர்கள். தண்டலத்துப் பள்ளங்கள் இன்றும் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த லாரி கான்கிரீட் வந்து சேர்வதற்குள் யாராவது ஒருவர் குனிந்து பார்த்தால் போதும்.